கழித்துப் போட்ட நிலவேம்பு

1

நிலவேம்புக் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்த குழந்தையை நான் முதன்முதலாகப் பார்த்தது நெதர்லாந்தில்தான்.

நெல்லிக்குப்பத்துக் கவிதா அக்கா இங்கே எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். அவர் மகள் மித்ராவுக்குச் சளி, லேசான காய்ச்சல். "ஒன் ஜன்னல்ல வச்சிருக்கியே நெலவேம்பு, அதுல கொஞ்சம் கிள்ளிக் குடு ஜெனி" என்று கேட்டு வந்தார். நானே கிள்ளி, நானே கொதிக்கவைத்து, நானே எடுத்துக்கொண்டு போனேன். கவிதா அக்கா ஒரு கையில் சர்க்கரை டப்பாவோடும், மறுகையைக் குழந்தையின் மூக்கைப் பிடிக்கத் தயாராக வைத்தும் நின்றார். ஊரில் அப்படித்தானே குடிக்க வைப்பார்கள்.

மித்ரா கோப்பையை வாங்கினாள். மடமடவென்று குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு "லெக்கர்" என்றாள். இந்த ஊர் மொழியில் ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றும் அதே மொழியில் கேட்டாள். அவள் தமிழில் கேட்பதற்கு இப்போதெல்லாம் அம்மா அதட்ட வேண்டியிருக்கிறது.

கவிதா அக்கா என்னைப் பார்த்தார். "என்னாடி செடி இது? நெலவேம்புதானா, இல்ல பொன்னாங்கண்ணியா?"

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு இலையைக் கடித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கசப்பு இருந்தது. ஆனால் ஏதோ பேருக்கு இருந்தது.

டெங்கு பரவும் பருவத்தில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் கொடுப்பார்கள். நான் வாங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சாய்த்துவிட்டு வருவேன். அம்மாவின் தம்பி அந்தோணிராஜ் மாமாதான் அதைக் கண்டுபிடித்தார். மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்க்க முடியாது. "குடிச்சிட்டு வாயத் தொறந்து காட்டு பாப்பா" என்று எதிரிலேயே நிற்பார். கசப்பு நாக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை கூடவே வரும்.

அந்தக் கசப்பு எங்கே போயிற்று? இதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே என் வேலை. அதனால்தான் இந்தக் குறிப்புகளை எழுதவே கூசுகிறது.

2

இது எனக்கு இங்கே மூன்றாவது குளிர்காலம். கண்ணாடிக் கூடாரத்துக்குள் மூலிகைகளை வளர்த்து, அவற்றின் இலையில் என்னென்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறேன். வெயில் நாட்டுச் செடி குளிர் நாட்டுக்கு வந்தால் அதன் உள்ளே என்ன மாறுகிறது என்பது கேள்வி. நான் எடுத்துக்கொண்ட செடி நிலவேம்பு. அதன் கசப்புக்குக் காரணமான பொருளுக்கு ஆண்ட்ரோகிராபோலைடு என்று பெயர். காய்ச்சலுக்கு அது நல்லதா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இந்தப் பைத்தியம் சிதம்பரத்தில் படிக்கும்போது பிடித்தது. ஒருமுறை வகுப்போடு கிள்ளைப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தோம். படகில் போகும்போது கைக்கு எட்டிய இலையைப் பறித்து, வம்புக்கு நக்கினேன். உப்பு! செடி உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது என்று பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: செடி சும்மா நிற்பதில்லை, நிற்கிற இடத்தோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. பாசஞ்சர் ரயிலில் கடலூர் திரும்பும்வரை எதிரே உட்கார்ந்திருந்த யார் யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. இந்தக் கதைக்கும் அதுதான் வினை.

இங்கே என் நிலவேம்புக்கு ராஜ வாழ்க்கை. வெயில் வேண்டுமா, விளக்கு எரியும். தாகமா, வேரடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பூச்சி இல்லை. காற்று அடிக்காது. இலையெல்லாம் ஊரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு வளர்ந்து தளதளவென்று நின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

இலையைப் பொடித்து, சாறு இறக்கி, இயந்திரத்தில் விட்டால், திரையில் ஒரு கோடு ஓடும். பொருள் இருக்கும் இடத்தில் கோடு மலைபோல எழும். ஜாஸ்தி இருந்தால் பெரிய மலை, கொஞ்சம் இருந்தால் சின்ன மேடு. என் ராஜ வாழ்க்கைச் செடிக்கு வந்தது மேடு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைக் காட்டினேன். எங்கள் குழுவின் தலைவி மரைகே, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "இது குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்றார்.

"எங்கள் ஊர் இலை வரட்டும், பாருங்கள். மலை திரைக்குள் அடங்காது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். வாயை விட்டாயிற்று. இனி மலையைக் கொண்டுவர வேண்டும்.

3

என் விதையே மாமாவிடம் வாங்கி வந்ததுதான். காடாம்புலியூரில் அத்தைக்குச் சீதனமாக வந்த முந்திரித் தோப்பு இருக்கிறது. வேலி ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த நிலவேம்பிலிருந்து மாமா விதை தட்டிக் கொடுத்தார். அதே விதையை அங்கே செம்மண்ணில் ஒரு பாத்தி போட்டு வளர்த்தால், ஒரே விதை, இரண்டு நாடு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

"மாமா, ஒரு பாத்தி போட்டுத் தருவீங்களா?"

"ஒரு பாத்தி என்னா பாப்பா, கிரவுண்டு புல்லா போட்டுடலாம். அங்க என்னா பண்ணுவாங்க அத?"

"பொடி பண்ணி மிஷின்ல வுடுவோம் மாமா."

"நம்ம காடாம்புலியூர் எலை வெளிநாட்டு மிஷினுக்குப் போவுது. ஏ ஃபிலோமினா, கேட்டியா?" போனுக்குள்ளேயே அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாரம் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நான் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம் முக்கியம். "நல்ல எலையா அனுப்புங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னேன். எப்படி வளர்க்க வேண்டும், எப்படிப் பறிக்க வேண்டும், எதை விடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

செடி வளர்ந்து அறுவடைக்கு வந்தபோது அலைச்சல் தொடங்கியது. காய்ந்த இலையாக இருந்தாலும், நோய் இல்லாதது என்று சான்றிதழ் வேண்டும். மாமா லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த அதிகாரி, "என்ன சார், நெலவேம்புக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டாராம். "எங்க பாப்பா கேட்டிருக்குது சார்" என்று மாமா சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அந்த அதிகாரியின் குரலிலும் தன் குரலிலும் மாறி மாறி நடித்துக் காட்டினார்.

இந்தப் பக்கம் நான் ஒரு சொல்லால் கெடுத்தேன். பார்சல் பிடித்து வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்ததும் போனில் அழைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில், உள்ளே இருப்பது மருந்து என்று சொல்லிவிட்டேன். செடி என்று சொல்லியிருந்தால் ஒரு மேசை. மருந்து என்றதும் வேறு மேசை, வேறு கேள்விகள், வேறு விண்ணப்பம். இது மருந்தில்லை, மருந்தாக நாங்கள் குடிக்கிற இலை, ஆனால் இதை யாரும் குடிக்கப் போவதில்லை என்று விளக்கி விளக்கி, கடைசியில் எனக்கே குழம்பிவிட்டது.

மாமா தினமும் கேட்பார். "என்னா பாப்பா, நம்ம எலை ஜெயில்ல இருந்து வெளிய வந்துச்சா?"

4

வந்தது. வெள்ளைத் துணியில் தைத்த பை. பிரித்ததும் கடலூர் செம்மண்டலத்தில் மாமா வீட்டுக் கூடத்து வாசனை வந்தது. இலைகள் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டதுபோல, ஒரே அளவில், ஒரே பச்சையில் இருந்தன. ஒரு ஓட்டை இல்லை, ஒரு பழுப்பு இல்லை. பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் மாமா பறித்தது என்று அப்போது பெருமையாகத்தான் சொன்னேன். காதில் வாங்கினார்களோ என்னவோ.

பொடித்தேன். சாறு இறக்கினேன். இயந்திரத்தில் விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் பரீட்சை முடிவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்தேன். கோடு ஓடியது. ஓடியது. எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. என் கண்ணாடிக் கூடாரத்துச் செடிக்கு வந்த மேட்டைவிடச் சின்ன மேடு.

மறுபடி செய்தேன். அதே மேடு.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் படத்தைப் போட்டபோது யாரும் கிண்டல் செய்யவில்லை. மரைகே மட்டும், "மலை எங்கே?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு நொடி பொறுத்து, தெரியவில்லை, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"இலை சுத்தமாக இருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் கலப்படம் சகஜம். சப்ளையர் வேறு எதையாவது கலந்திருப்பார்."

சப்ளையர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் விடாமல். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இயந்திரம் கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். சாறு இறக்கியதில் தப்பு என்றால், எந்தக் கரைசல், எவ்வளவு நேரம் என்று குடைந்திருப்பார்கள். கடலூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றதற்கு ஒரு கேள்வி இல்லை. கடலூர்க்காரி சொன்னாளே, அப்புறம் என்ன. படத்தில் ஊர் இலைக்குப் பக்கத்தில் ‘நம்பத்தகாதது' என்று போட்டுவிடலாம் என்றார் மரைகே. கூட்டம் முடிவதற்குள் என் கையாலேயே போட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. அவ்வளவும் நம்ம பாத்தியில பறிச்சதுதானா?"

"பின்ன? ஏன் பாப்பா, நல்லா இல்லியா?"

"பத்தலன்னு கடையில கிடையில வாங்கிக் கலந்தீங்களா?"

பின்னால் டி.வி. ஓடுவது கேட்டது.

"என்னா கேட்ட?"

"இல்ல மாமா, மிஷின்ல கசப்பே வரல. மிஷின் பொய் சொல்லாது."

"சரி" என்றார் மாமா. "மிஷின் பொய் சொல்லாது. சரி."

போன் கை மாறியது. ஃபிலோமினா அத்தை.

"ஏம்மா ஜெனி, நீ என்னா போலீசா? ஒங்க மாமன் அந்தச் செடிக்குப் பண்ணது நான் பெத்த புள்ளைக்குப் பண்ணல. வெயில் பட்டா வாடிடும்னு பச்ச வலை வாங்கியாந்து பந்தல் போட்டாரு. காலையில தண்ணி, சாயந்தரம் தண்ணி. அரிசி கழுவுன தண்ணிய கேன்ல புடிச்சி வண்டியில வச்சி எடுத்துனு போவாரு. பூச்சி வுழுந்தா கையால பொறுக்குவாரு. ஸ்கூல்ல கேக்குறாங்க, என்னா சார், முந்திரித் தோப்புல கொழந்த வளக்குறீங்களான்னு."

"அத்த, நான்..."

"இரு, சொல்லி முடிச்சிடுறேன். பறிச்சாந்து கூடத்துல கொட்டி, ரெண்டு பேரும் ஒக்காந்து கீரை ஆயுற மாதிரி ஆஞ்சோம். பூச்சி கடிச்சது, ஓட்டை வுழுந்தது, முத்தல், பழுப்பு எல்லாத்தையும் கழிச்சிட்டு, கொழுந்தா பாத்துப் பாத்து எடுத்து, அலசி, அவரு நல்ல வேட்டியில பரப்பி, ஃபேன் போட்டுக் காய வச்சோம். வெளிநாட்டுக்குப் போற பொருளு, அங்க இருக்கிறவன் யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னு. இப்ப நீயே சொல்லிட்ட."

வைத்துவிட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதுதான் கேவலம். செடி நமக்காகக் கசப்பதில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காக, எரிக்கிற வெயிலுக்காக, கிடைக்காத தண்ணீருக்காகக் கசக்கிறது. நிழலும் தண்ணீரும் கொடுத்துப் பூச்சியையும் பொறுக்கிவிட்டால் அதற்குக் கசக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியும் கொஞ்சம் கசந்திருக்கக்கூடிய முத்தலையும் கடிபட்டதையும் கழித்தாயிற்று. நான் இங்கே விளக்குப் போட்டும் குழாய் போட்டும் செய்ததை மாமா அங்கே வலை கட்டியும் கேன் தூக்கியும் செய்திருக்கிறார். காடாம்புலியூரில் எனக்காக ஒரு நெதர்லாந்தைக் கட்டியிருக்கிறார்.

இதெல்லாம் மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எனக்குத் தெரியும். நான் வருடக்கணக்காகப் படிப்பதே இதைத்தான். கசப்பு குறைந்திருக்கிறது என்றதும், எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்க வேண்டியவள், யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

6

மாமா தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவார். ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் ஒரு வேத வசனம். நான் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அது நின்றுவிட்டது. முதல் நாள் வராதபோது நெட் இல்லையோ என்று நினைத்தேன். பிறகு நினைப்பதற்கு எதுவும் இல்லை.

வெட்கம் கெட்டுப்போய் அத்தைக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மாமா இருக்காங்களா அத்த?"

"இருக்காரு. பசங்களுக்குக் கபடி சொல்லிக் குடுக்கப் போயிருக்காரு."

"செடி எப்படி இருக்குது?"

"எங்க இருக்குது? மறுநாளே போயி பந்தலப் பிரிச்சாரு. எல்லாத்தையும் புடுங்கி வேலியோரம் போட்டுட்டு வந்துட்டாரு. 'நம்ம கைக்குச் சரியா வரல போலருக்குது ஃபிலோமினா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

பாத்தி போயிற்று. அந்த விதைக்கு ஊரில் இருந்த ஒரே பாத்தி. அந்த நேரத்திலும், இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதற்கே அர்த்தம் இல்லை, அந்த நேரத்திலும் என் மூளை வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

"அத்த, அன்னிக்கு ஆஞ்சப்ப கழிச்சீங்களே, அதெல்லாம் என்னா பண்ணீங்க?"

"அதுவா? காய வச்சி சாக்குல கட்டி பரண் மேல போட்டேன். வூட்டுக்கு ஆவும்ல, மழைக்காலத்துல கஷாயத்துக்கு."

நல்லதை எனக்கு அனுப்பிவிட்டு, கழித்ததை வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பலாப்பழம் அறுத்தாலும் அந்த வீட்டில் அப்படித்தான். பெரிய சுளை எல்லாம் எங்களுக்கு வந்துவிடும்.

"அந்தச் சாக்க அனுப்புறியா அத்த?"

"எத? அந்தக் குப்பையவா? ஏண்டி, நல்லத அனுப்புனதுக்கே திருட்டுப் பட்டம் கட்டுன. இத அனுப்புனா தூக்குல போடுவியா?"

"அதுலதான் கசப்பு இருக்கும் அத்த. தப்பு என்னோடது. அனுப்பு அத்த."

மன்னிப்புக் கேட்க எடுத்த போனில் இலை கேட்டேன். வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தயார் செய்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

சான்றிதழ் மறுபடி வாங்க வேண்டும். மாமா மறுபடி லீவு போட்டுச் சென்னைக்குப் போனார். இந்த முறை அதிகாரி என்ன சொன்னார் என்று எனக்கு யாரும் நடித்துக் காட்டவில்லை. "வாங்கியாந்துட்டாரு" என்று அத்தை ஒரு செய்தி அனுப்பினார். இந்தப் பக்கம் நான் ‘செடி' என்ற சொல்லை மட்டும் சொன்னேன். பார்சல் சிக்காமல் வந்தது.

7

பையைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. மேலே இருந்தது அதே அழகான இலை. ஓட்டை இல்லாதது, கொழுந்து, ஒரே பச்சை. அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்த, மறுபடியும் நல்லதையே அனுப்பிட்டியா?"

"கீழ பாரு. மேல மட்டுந்தான் அது. அன்னிக்குப் பையில கொள்ளாம மிஞ்சுனது. கஸ்டம்ஸ்ல தொறந்து பாப்பாங்களாமே. பூச்சி அரிச்ச குப்பைய பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனைப்பான்? அதான் மேல நல்லதா நாலு போட்டேன்."

கீழே இருந்தது சாக்கு இலை. சல்லடையாக ஓட்டை. ஓரம் கருகியது, செம்பட்டை அடித்தது, தண்டோடு வந்தது. மாமா பறிக்கத் தொடங்கிய முதல் நாள் வேலியோரத்துச் செடியிலிருந்தும் பறித்து, பார்வையாக இல்லை என்று கழித்திருந்தாராம். அதுவும் சேர்ந்து கிடந்தது. எது பாத்தியுடையது, எது வேலியுடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மேலே இருந்த நல்ல இலையைத் தனியாக எடுத்து வைத்தேன். கீழே இருந்ததைப் பொடித்தேன். கோடு ஓடியது. எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. எழுந்துகொண்டே போனது. திரைக்குள் அடக்க நான் அளவைக் குறுக்க வேண்டியிருந்தது.

ஒரு சாக்கை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மறுபடி வளர்க்க வேண்டும், பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் மலை மலைதான். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

திங்கட்கிழமை படத்தைப் போட்டேன். "முன்பு ‘நம்பத்தகாதது' என்று போட்டிருந்தேன். அது தவறு. அதை எடுத்துவிட்டேன். அனுப்பியவர் எதையும் கலக்கவில்லை. அவர் என் மாமா" என்றேன்.

மரைகே தலையை நிமிர்த்தினார். "கலந்தார் என்று யார் சொன்னது?"

யாருக்கும் நினைவில்லை. ஒருவருக்குக்கூட நினைவில்லை. நான் என் மாமாவைத் தூக்கி மேசைமேல் போட்டேன், அவர்கள் தலையாட்டினார்கள், காபி குடிக்கப் போனார்கள். அவ்வளவுதான் அதற்கு இங்கே விலை. மிச்சமெல்லாம் அங்கே, காடாம்புலியூர் வேலியோரத்தில், வேரோடு காய்ந்து கிடக்கிறது.

8

அன்று மத்தியானமே மாமாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். மைதானத்தில் இருந்தார், பையன்களின் கூச்சல் கேட்டது.

"மாமா, அந்தச் சாக்கு எலை. மலை மாதிரி வந்திருக்குது."

"அப்பிடியா? சந்தோஷம் பாப்பா." கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார். "அப்ப நல்ல சரக்க எல்லாம் பரண்ல போட்டுட்டு, குப்பைய ஒனக்கு அனுப்பியிருக்கோம்."

"மாமா, நான் அங்க மீட்டிங்ல ஒங்களப் பத்தி... சப்ளையர் ஏமாத்திட்டாருன்னு சொல்லிட்டேன்."

"சப்ளையரா? ஓட்டல்ல எலை போடுவானே, அவனா? சரிதான், நானும் எலைதான போட்டேன்."

"வெளையாடாதீங்க மாமா. தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

"டேய், லைன தாண்டாதடா!" என்று யாரையோ அதட்டினார். விசில் ஊதினார். என் காது அடைத்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, விழாததுபோல இருந்துவிட்டாரா என்று தெரியவில்லை. மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாமா, எங்கிட்ட வெதை இருக்குது. நீங்க குடுத்த செடியோட வெதைதான், இங்க வெளஞ்சது. அனுப்பட்டுமா?"

"அதுக்கு எந்த ஊருல போயி நிக்கணும் சர்டிபிகேட்டுக்கு?"

"நான் நிக்கிறேன் மாமா. இந்தத் தடவ நான் போயி நிக்கிறேன்."

"அனுப்பு." கூச்சல் கொஞ்சம் தூரமானது. நடந்து தனியாக வந்திருப்பார் போல. "ஆனா பாப்பா, தூவி வுட்டுடுவேன், அவ்ளோதான். தண்ணி ஊத்த மாட்டேன், பந்தல் கிந்தல் போட மாட்டேன். கிட்டவே போவ மாட்டேன். அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும். அப்பத்தான ஒனக்குக் கசக்கும்?"

ஆமாம் மாமா என்று சொல்ல வேண்டும். அறிவியல்படி அதுதான் சரி. நானே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாலும் அதைத்தான் எழுதுவேன்.

"ஆமாம் மாமா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அத்தை மேலே போட்டு அனுப்பிய நல்ல இலையைக் கொதிக்கவைத்தேன். வடிகட்டினேன். சர்க்கரை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கோப்பையில் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மித்ராவைப்போலவே, முகம் சுளிக்காமல் குடிக்க முடிந்தது.